கொக்கிக்கு அஞ்சாதவனுக்கு ஒரு ஊசி

முதுகிலும் தொடையிலும் கொக்கிகளை மாட்டிக்கொண்டு, தோட்டத்து டிராக்டரில் கட்டிய கம்பத்திலே குப்புறத் தொங்கியபடி, கீழே வருகிற சனத்துக்குத் திருநீறு தூவிக்கொண்டே, "கலா, வெயிலா இருக்கு, முந்தானையத் தலையில போட்டுக்க" என்று பெண்சாதிக்குப் புத்தியும் சொல்லுகிற மனுஷனை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? இலங்கை மலையகத்தில் பசறைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டமொன்றின் கீழ் டிவிசனில் போய்க் கேளுங்கள், சின்னப்பிள்ளைகூடக் கைகாட்டும். பெயர் விஜேந்திரன். தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டி மட்டமாக்கும் கவ்வாத்து வேலைக்காரன். மாரியம்மன் திருவிழாவில் நாலு வருடமாகப் பறவைக் காவடி எடுப்பவன் அவன்தான்.

அப்பேர்ப்பட்ட ஆளுக்கு ஊசி என்றால் பயம். நம்பமாட்டீர்கள், ஆனால் சத்தியமாக அதுதான் உண்மை. கொரோனாத் தடுப்பூசி போட்ட காலத்தில் பள்ளிக்கூடத்து வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றான். "நீங்க முன்னுக்குப் போங்கக்கா", "கைப்பிள்ளையோட நிக்காத தங்கச்சி, நீ போ" என்று ஒவ்வொருத்தருக்காக வழிவிட்டு, வழிவிட்டு, மருந்துப் பெட்டியை மூடுகிற நேரம்வரை நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தான். என்ன தங்கமான குணம் என்று, தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கிற லயமே மெச்சியது. அவன் பெண்சாதி கலாராணிக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. சட்டையைத் தூக்கி இரண்டு கையையும் பார்த்தாள், ஒரு பொட்டு அடையாளம் இல்லை. அன்றிலிருந்து அந்த ரகசியத்தை யாருக்கும் மூச்சுவிடாமல் காத்து வருகிறவள் அவள் ஒருத்திதான்.

காவடிக்குக் காரணம் மகள் ஜெயந்தினி. ஐந்து வருடத்துக்கு முன்னால், நாலு வயதில், மூளைக்காய்ச்சல் வந்து பதுளை ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தாள். "பிள்ளையக் குடுத்திரு தாயே, அஞ்சு வருசம் பறவைக் காவடி எடுக்கிறேன்" என்று விஜேந்திரன் நேர்ந்துகொண்டான். பிள்ளை பிழைத்தாள். இப்போது லயத்துக் கோடியிலிருந்து கோடிவரை ஓடித் திரிந்து ஊரை இரண்டாக்குகிறாள். நாலு காவடி முடிந்தது, இந்த வருடத்தோடு நேர்த்தி தீர்ந்துவிடும். அதைக் குறையில் விட்டால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அவன் நெஞ்சார நம்பினான். கலாராணியும் அப்படித்தான் நம்பினாள்.

திருவிழாவுக்கு நாள் குறிக்கக் கோயிலில் கூட்டம் போட்டார்களே, அங்கேதான் வந்தது வில்லங்கம். கோயில் தலைவர் தயாபரன் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். போன வருடம் பக்கத்துத் தோட்டத்தில் அலகு குத்திய பொடியன் ஒருவனுக்கு ஏற்புவலி வந்தது எல்லோருக்கும் தெரியும். காயத்துக்குள் கிருமி போய், தாடை இறுகி, உடம்பு முறுக்கிக்கொண்டு, அவன் செத்துப் பிழைத்து வந்தான். ஆகவே இந்த முறை அலகோ கொக்கியோ குத்துகிறவர்கள் எல்லோரும் முன்கூட்டியே ஏற்பு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், போடாதவருக்குக் காவடி கிடையாது என்றார் தயாபரன்.

விஜேந்திரன் துள்ளி எழுந்தான்.

"தலைவரே, அம்மன நம்பிக் குத்துறோமா, ஆஸ்பத்திரிய நம்பிக் குத்துறோமா? நாலு வருசமா எனக்கு ஒரு கொப்புளம் வந்திருக்கா? ஊசியப் போட்டுக்கிட்டுப் போய் அவ முன்னுக்கு நின்னா, 'என்னடா, என் மேல நம்பிக்கை போயிருச்சா'ன்னு கேக்க மாட்டாளா?"

பேச்சென்றால் பேச்சு! கூரைத் தகரம் அதிர்ந்தது. காவடி எடுக்க இருந்த இளவட்டங்கள் அத்தனை பேரும் கை தட்டினார்கள். "அண்ணே சொல்றதுதான் சரி, நாங்களும் போட மாட்டோம்" என்று சுரேஸ் என்கிற வாட்டசாட்டமான பொடியன் நெஞ்சை நிமிர்த்தினான். பெண்கள் பக்கம் இருந்த கலாராணி தலையைக் குனிந்துகொண்டு, "அடப்பாவி மனுஷா, உன் பயத்துக்கு அம்மனையா துணைக்குக் கூப்பிடுற" என்று வாய்க்குள்ளேயே திட்டினாள்.

அடுத்த கிழமை ஊசி போட ஸிஹாமா மிஸி வந்தாள். தோட்டத்தில் நர்ஸ்மாரை மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். பதுளை டவுனில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகள் இவள், சிரித்த முகம், சின்ன வயது. நீல நிற ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் குலுங்கிக் குலுங்கி வந்து, கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் மேசை போட்டு உட்கார்ந்தாள். ஒரு குஞ்சு குருமான் வரவில்லை. இல்லை, பொய் சொல்லக் கூடாது, குஞ்சு குருமான்கள் மட்டும்தான் இருந்தன. அவளுடைய வெள்ளை உடுப்பைக் கண்டதும், ஊசி தங்களுக்குத்தான் என்று நினைத்து அத்தனையும் ஒரே குரலில் அழத் தொடங்கின.

மத்தியானம் கொழுந்து நிறுக்க வந்த வழியில் கலாராணி எட்டிப் பார்த்தாள். மிஸி வெறும் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"ஒருத்தரும் வரல்லையே அக்கா. நான் ஏதும் பிழையாச் சொல்லிட்டேனா?"

"ஐயோ, நீங்க என்ன பிழை செஞ்சீங்க மிஸி!"

"ஞாயித்துக்கிழமைக்குள்ள இன்னொரு தரம் வரலாம். அதுக்குப் பிறகு வந்து வேலையில்ல. மருந்து உடம்புல பிடிக்க ரெண்டு கிழமையாவது வேணும், திருவிழா வந்துரும்."

மிஸி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் கலாராணி அங்கேயே நின்றாள். ஊசி இல்லாவிட்டால் காவடி இல்லை. காவடி இல்லாவிட்டால் நேர்த்தி குறை. சரி, தயாபரன் மனமிரங்கி ஊசியில்லாமலே விட்டார் என்று வைத்துக்கொள்வோம், அந்தப் பக்கத்துத் தோட்டத்துப் பொடியனுக்கு வந்தது இவனுக்கும் வந்தால்? எந்தப் பக்கம் திரும்பினாலும் அடி என்றால் மனுஷி என்னதான் செய்வாள்?

அன்று பின்னேரம் பீலியில் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் புருஷனையும் கூட்டிக்கொண்டு போனாள். மலையிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டுகிற இடம் அது. யாரும் இல்லை.

"ஏங்க, அம்மன் கதைய விட்டுட்டு உண்மையச் சொல்லுங்க. ஊசிக்குப் பயம், அதானே?"

"யாருக்கு? எனக்கா?" விஜேந்திரன் மீசையைத் தொட்டான்.

"கொரோனாவுக்குப் போட்டீங்களே, அது எந்தக் கையிலன்னு சொல்லுங்க பாப்போம்."

அவன் வலது கையைப் பார்த்தான், இடது கையைப் பார்த்தான், பிறகு வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டான். கலாராணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"அம்புட்டுக் கொக்கி குத்துறப்போ சிரிக்கிறீங்க. இத்துனூண்டு ஊசிக்கு ஏங்க இப்படி?"

"அது வேற கலா."

"என்ன வேற? அதுவும் இரும்பு, இதுவும் இரும்பு."

"கொக்கி குத்துறப்போ தப்பு அடிக்கிறாங்க. சனமெல்லாம் அரோகரா போடுது. வீரய்யா மாமா திருநீறு பூசி, தோள்ல தட்டிக் குடுத்துட்டுத்தான் குத்துறாரு. நீ முன்னுக்கு நிக்கிற. ஆஸ்பத்திரியில..." அவன் கீழே பார்த்துக்கொண்டே மறுபடி தொடங்கினான். "ஆஸ்பத்திரியில சத்தமே இல்ல கலா. பாப்பாவுக்கு முதுகுல ஊசி போட்டு நீர் எடுத்தாங்களே, அன்னிக்குப் பிள்ளைய அசையாமப் புடிச்சிக்கங்கன்னு சொன்னாங்க. நான்தான் புடிச்சேன். கத்துறதுக்குக்கூடத் தெம்பில்லாம அது என்னையே பாத்துச்சு. அதுலருந்து அந்த வாசம் வந்தாலே, ஊசியக் கண்டாலே, எனக்குக் காலு நிக்கிதில்ல. பொடியங்க முன்னுக்கு மயங்கி விழுந்தா என்னா ஆவுறது? அதான் அம்மன் பேரச் சொன்னேன்."

கலாராணியின் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அன்று அந்த அறைக்குள் முதலில் கூப்பிட்டது அவளைத்தான். அவளால் முடியவில்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டு வெளியிலேயே நின்றுவிட்டாள். அவன் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனான். இத்தனை வருடத்தில், எவ்வளவோ சண்டை வந்தும், அதை அவன் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. இப்போதும் சொல்லவில்லை. அவள் அவனுடைய தலையில் கொஞ்சம் தண்ணீரைத் தெளித்து, "எந்திரிங்க, பனி இறங்குது" என்றாள்.

வாளியைத் தூக்கிக்கொண்டு மேடேறும்போதே அவளுக்கு மூளை வேலை செய்தது. தப்பு மேளம், அரோகரா, திருநீறு. ஆஸ்பத்திரியில் இல்லாதது இவ்வளவுதானே? ஞாயிற்றுக்கிழமை திருவிழாப் பந்தலுக்குக் கால் நடுகிறார்கள். அங்கே தப்பு இருக்கும், சனம் இருக்கும், திருநீறு தட்டுத் தட்டாக இருக்கும். அங்கே இல்லாத ஒன்று ஊசி மட்டும்தான், அதை வரவழைத்தால் போச்சு!

முதலில் வீரய்யாவிடம் போனாள். கொக்கியும் அலகும் குத்துகிறவர் அவர், அவளுக்குப் பெரியப்பா முறை. "மிஸி ஊசி போடுறப்போ நீங்க பக்கத்துல நின்னு திருநீறு பூசணும் பெரியப்பா" என்று சொல்லிவிட்டு, ஏச்சு வாங்கத் தயாராக நின்றாள். கிழவர் ஏசவில்லை.

"பக்கத்துத் தோட்டத்துப் பொடியனுக்கு அலகு குத்துனது யாருன்னு நெனச்ச? இந்தக் கைதான். அவன் ஆஸ்பத்திரியில கெடந்த நாளெல்லாம் எனக்குச் சோறு எறங்கல. வாறேன் புள்ள. எனக்கும் ஒன்னு போடச் சொல்லு" என்றார்.

பிறகு மிஸிக்குப் போன் எடுத்தாள்.

"மிஸி, இந்தத் தரம் பிள்ளைக்காம்பரா வேணாம். ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வாங்க."

"கோயிலுக்கா? நானா? ஊசியோடயா?"

"ஊசியோடதான். தப்பு அடிப்பாங்க, பயந்துறாதீங்க."

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "டொக்டர்கிட்ட ஒரு சொல் கேட்டுக்கிறேன் அக்கா. நிழலும் மேசையும், போட்டவங்க கொஞ்ச நேரம் உக்கார எடமும் இருந்தாப் போதும். வாப்பாக்கிட்டச் சொன்னா நம்பவே மாட்டார்!"

வீட்டில் விஜேந்திரன் மூன்று கேள்விதான் கேட்டான். "தப்போடயா?" தப்போட என்றாள். "வீரய்யா மாமா?" பக்கத்தில் நிற்பார் என்றாள். "நீ?" "நான் எங்கங்க போகப் போறேன்" என்றாள். அவன் "பாப்பம்" என்றான். அவன் வாயிலிருந்து அந்த அளவுக்கு வந்ததே பெரிய காரியம்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலடியில் கூட்டமென்றால் அப்படிக் கூட்டம். ஊசிக்கு வந்த கூட்டமல்ல, பந்தக்காலுக்கு வந்த கூட்டம். காலுக்கு மாவிலை கட்டி, பால் ஊற்றி, குழியில் இறக்கி மண் மிதித்தார்கள். ஒரு பக்கத்தில் தறப்பாள் கட்டி மேசை போட்டிருந்தது. ஸிஹாமா மிஸி செருப்பை வெளியில் கழற்றிவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து உட்கார்ந்து, யாரோ நீட்டிய சர்க்கரைப் பொங்கலைத் தாமரையிலையோடு வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "அம்மன் எடத்துலேயே, வீரய்யா ஐயா திருநீறு பூசி, ஊசி போடுறாங்க. இதுக்கு மேல யாருக்கும் என்னா கொறை?" என்று தயாபரன் அறிவித்தார். இளவட்டங்கள் அத்தனை பேரும் விஜேந்திரனையே பார்த்தார்கள்.

விஜேந்திரன் நடந்து வந்தான். நடை என்னவோ ராசநடைதான். வந்து நாற்காலியில் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்து, சட்டையைக் கழற்றிக் கலாராணியிடம் கொடுத்துவிட்டு, முதுகை வளைத்துக் காட்டினான்.

"அண்ணே, முதுகு வேணாம், கை போதும்" என்றாள் மிஸி.

கோயிலடியே சிரித்தது. அவனும் அசடு வழியச் சிரித்துக்கொண்டு திரும்பினான். வீரய்யா திருநீறு பூசித் தோளில் தட்டினார். தப்புக்காரர்கள் கொக்கி குத்தும்போது அடிக்கிற அதே அடியை எடுத்தார்கள். அடி ஏற ஏற அவன் முகம் தெளிந்தது. எல்லாம் கலாராணி நினைத்தபடியே போய்க்கொண்டிருந்தது.

பாழாய்ப்போன மழை அப்போதுதானா வர வேண்டும்? சொல்லாமல் கொள்ளாமல் மலையிலிருந்து ஒரு தூறல் இறங்கியது. ஈரம் பட்டதும் தப்பின் தோல் தளர்ந்து, கணீரென்ற சத்தம் பொத்துப் பொத்தென்று ஆகிவிட்டது. தளர்ந்த தப்பை அம்மன் முன்னால் அடிக்க எந்தத் தப்புக்காரனுக்கு மனம் வரும்? அவர்கள் தொழிலில் சுத்தக்காரர்கள். அடித்ததை அப்படியே நிறுத்திவிட்டு, தப்பைக் காய்ச்சக் கோயில் பின்னால் எரிகிற நெருப்பைத் தேடி அத்தனை பேரும் ஓடிவிட்டார்கள்.

சத்தம் அடங்கியது. மிஸி கையில் ஊசி. பஞ்சில் நனைத்த மருந்து வாசம் மூக்கில் ஏறியது. விஜேந்திரனின் முகம் வெளுத்து, நெற்றி வேர்த்து, ஒரு கால் நாற்காலியை விட்டு எழும்பிவிட்டது. எல்லோரும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலைப் பார்த்தவள் கலாராணி மட்டும்தான். போச்சு, இவன் இப்போது எழுந்து ஓடினால் பொடியன்கள் அத்தனை பேரும் பின்னால் ஓடுவார்கள், காவடியும் போச்சு, நேர்த்தியும் போச்சு!

அவள் கைக்குப் பக்கத்தில் இருந்தது மிஸியின் ஐஸ் பெட்டி. யோசிக்க நேரம் ஏது? அதிலேயே இரண்டு கையாலும் போட்டாள் ஒரு போடு. டண்டணக்கு டண்டணக்கு!

"யா அல்லாஹ்! அக்கா, அதுக்குள்ள மருந்து!"

மிஸி ஒற்றைக் கையால் பெட்டியை இழுத்துக்கொள்ள, கலாராணி மேசைக்கு மாறினாள். பஞ்சுத் தட்டு துள்ளியது. "மேசையும் வேணாம் அக்கா!" என்று மிஸி கத்தினாள். கலாராணி பொங்கல் தாம்பாளத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, வாழ்நாளில் அதுவரை அப்படிக் கத்தியிராத குரலில், "அரோகரா!" என்றாள். பெண்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டுமா? ஒருத்தி வாளியைத் தட்டினாள், ஒருத்தி கேத்தல் மூடியைத் தட்டினாள், மற்றவர்கள் தகரச் சுவரில் சாத்து சாத்தென்று சாத்தினார்கள். ஜெயந்தினி தொண்டை கிழிய அரோகரா போட்டாள். விஜேந்திரனின் கால் மெதுவாகத் தரைக்கு இறங்கியது. கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

கொஞ்சம் பொறுத்து, மூடிய கண்ணோடேயே கேட்டான். "எப்ப மிஸி குத்துவீங்க?"

"குத்திப் பஞ்சும் வச்சாச்சு அண்ணே!"

"விஜேந்திரனுக்கு அஞ்சாவது காவடி இருக்கு!" என்று தயாபரன் கூவினார். கலாராணி தாம்பாளத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். அவளுக்கே எது எது என்று தெரியவில்லை.

சுரேஸ் சும்மா இருப்பானா? "அண்ணே, அம்மன் ஒன்னும் கேக்கலையா?" என்று கிண்டலாகக் கேட்டான். விஜேந்திரன் எழுந்து நின்றான். என்ன கதை விடப்போகிறானோ என்று கலாராணிக்குப் பகீரென்றது.

"அம்மன் எதுக்குடா கேக்கப் போறா? அவ மேல பழியப் போட்டது நான்தான். எனக்கு ஊசின்னா பயம். அம்புட்டுத்தான்."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்ற சுரேஸ் மெதுவாகத் தலையைச் சொறிந்தான்.

"அண்ணே... எனக்கும்தான்."

"எனக்கும்" என்றான் இன்னொருவன். "நீங்க போட மாட்டேன்னு சொன்னப்போ, அப்பாடா, தப்பிச்சோம்னு அம்மனுக்குச் சூடம் கொளுத்துனேண்ணே" என்றான் மூன்றாமவன். வீரய்யாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "அப்ப ஒருத்தருக்கும் அம்மனால பிரச்சினை இல்லையா? இதை அன்னிக்கே ஒருத்தர் சொல்லியிருந்தா நான் வெறும் வாசலப் பாத்துட்டு இருந்திருக்க மாட்டேனே!" என்று மிஸி இடுப்பில் கைவைத்தாள்.

அதற்குள் தப்புக்காரர்கள் காய்ந்த தப்போடு ஓடி வந்தார்கள். அதன் பிறகு நடந்ததைக் கேளுங்கள். நாற்காலியில் உட்காருகிற ஒவ்வொருவனும், "எனக்குப் பயம்!" என்று முதலில் உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னதும் சனம் "அரோகரா!" போட வேண்டும். யார் வைத்த சட்டமோ தெரியாது, அப்படியே நடந்தது. சுரேஸ் சொன்ன சத்தம் மேல் டிவிசனுக்கே கேட்டிருக்கும். வீரய்யா போட்டுக்கொண்டார், தயாபரன் போட்டுக்கொண்டார். காவடிக்குச் சம்பந்தமே இல்லாத பெண்கள், எங்களுக்கு மட்டும் மலையில முள்ளுக் குத்தாதா, கத்தி வெட்டாதா என்று வரிசையில் நின்றார்கள். மிஸிக்குத் தேத்தண்ணி குடிக்கக்கூட நேரமில்லை, ஆனால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

வரிசை முடியும்போது அவள் திரும்பினாள். "கலா அக்கா, நீங்க?"

"நானா?" கலாராணி தாம்பாளத்தைத் துடைக்கத் தொடங்கினாள். "எனக்கு எதுக்கு மிஸி? நீங்க களைச்சிருப்பீங்க. இன்னொரு நாளைக்கிப் பாப்பம்."

அவள் கால் ஒரு எட்டுப் பின்னால் போனது. அதைப் பார்த்தவன் விஜேந்திரன் மட்டும்தான். அவன் கிட்டே வந்து தாம்பாளத்தை வாங்கி வைத்துவிட்டு, கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அவளை நாற்காலியில் உட்கார வைத்தான். சனம் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவளும் சிரித்துக்கொண்டேதான் தொடங்கினாள். ஆனால் சொல் வாய்க்கு வரும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

"எனக்குப் பயம்" என்றாள். பிறகு அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "அன்னிக்கும் பயமாத்தாங்க இருந்துச்சு. அதான் உங்கள உள்ள அனுப்பிட்டு நான் வெளியில நின்னேன்."

"தெரியும் கலா" என்றான் விஜேந்திரன். "இன்னிக்கு ரெண்டு பேரும் உள்ளதான இருக்கோம்."

பக்கத்தில் நின்றவனிடமிருந்து தப்பைப் பிடுங்கித் தானே அடிக்கத் தொடங்கினான். கவ்வாத்துக் கத்தி பிடித்த கைக்குத் தப்பு எங்கே வரும்? அடி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். தப்புக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள், சனம் விழுந்து விழுந்து சிரித்தது, சிரிப்புக்கு நடுவே அரோகரா எழும்பியது. மிஸி பஞ்சை வைத்துத் துடைத்தாள். ஊசி உள்ளே போவதை, கலாராணி கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.